கார்த்திகையில் காளான் விற்றவர்

மில் ஆபீசில் என் மேஜை மேல் ஓர் ஈரச் சாக்கு வந்து விழுந்த அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. இரண்டாவது உலகச் சண்டைக் காலத்து ஐப்பசி மாதம். முந்தின நாள் சாயங்காலம் தொடங்கிய இடியும் மழையும் விடியும்போதுதான் ஓய்ந்திருந்தன. நான் ஒரு நூல் மில்லில் குமாஸ்தா. காலை முழுக்க உட்கார்ந்து எழுதி முடித்த காகிதங்களின் மேல் சாக்கிலிருந்து செம்மண் தண்ணீர் வழிந்து, மை கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. சாக்கின் வாயைப் பிரித்துப் பிடித்தபடி நின்றவர் என் அக்காவின் புருஷன். உள்ளே மண் ஒட்டிய வெள்ளைக் காளான்கள், மொட்டும் விரிந்ததுமாக, கழுத்து வரை இருந்தன. "மாப்ள, மோந்து பாரு. இனிமே நமக்கு ஒரு குறையும் இல்ல" என்றார். மேஜையைத் துடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அத்தான் எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் அதன் முதல் ஈரம் பக்கத்தில் இருப்பவன் தலையில்தான் விழும். நான் பக்கத்தில் இருப்பவனாக இருந்துவிட்டேன்.

அத்தானுக்குத் தொழில் செங்கல் சூளை. இன்று காளவாசலில் பஸ்ஸும் ஆட்டோவும் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யோசிக்க நேரம் இருக்காது. அந்த நாளில் அந்தப் பக்கம் முழுக்கக் காளவாய் என்கிற செங்கல் சூளைகளும், மண் எடுத்த பள்ளங்களும், நடுநடுவே பனைமரங்களும்தான். அத்தானின் சூளை இருந்தது குத்தகை நிலத்தில். நிலத்துக்காரருக்கு அதை வேறு ஓர் ஆளுக்குக் கூடுதல் குத்தகைக்கு விட ஆசை. ஆனாலும் பழகிய மனுஷன் என்பதால் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். தை பிறந்ததும் முதல் சூளையை மூட்டிவிட்டால் குத்தகை அத்தானுக்கே தொடரும். மூட்ட முடியாமல் போனால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அதற்கான விறகை அக்கா ஆவணியிலிருந்தே சேர்த்து, சூளைக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகைக்குள் அடுக்க வைத்திருந்தாள். எல்லாம் நல்ல கருவேல விறகு. சூளை போனால் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் அப்பா வீட்டுக்குத்தான் வர வேண்டும். அவள் சாகச் சம்மதிப்பாளே தவிர, வாழப்போன வீட்டிலிருந்து திரும்பி வரச் சம்மதிக்க மாட்டாள். அதனால் தினமும் ஒரு தடவை கொட்டகைக்குப் போய் அந்த விறகைப் பார்த்துவிட்டு வருவாள்.

காளான் யோசனையை அத்தான் தலைக்குள் போட்டவர் துரைமார்கள் கூடும் ஒரு கிளப்பின் பட்லர். அங்கே சமையல்கட்டு அடுப்பு இடிந்துபோய், அதைக் கட்டச் செங்கல் கொண்டுபோன இடத்தில் பேச்சு வந்திருக்கிறது. கப்பல் வராததால் சீமையிலிருந்து வரும் உலர்ந்த காளான் நின்றுவிட்டது, துரைமார்கள் சூப்பு இல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், யாராவது காய வைத்துக் கொடுத்தால் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வேன் என்று பட்லர் சொன்னார். "எம்புட்டு வேணும்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார் அத்தான். வரும் வழியிலேயே கணக்கும் போட்டாகிவிட்டது. புற்று மேட்டிலும் கரட்டிலும் தானாக முளைப்பது, அதற்கு விதை கிடையாது, உரம் கிடையாது, வரி கிடையாது. பறிக்கிற கூலி கொஞ்சம். காய வைக்கச் சூளைச் சூடு இருக்கிறது, கல் வெந்து முடிந்த பிறகும் நாள்கணக்கில் சும்மா கிடந்து வீணாகிற சூடு. ஆக வருவதெல்லாம் லாபம். இதை அவர் மில் ஆபீசில் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னபோது நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "அத்தான், மழைக்காலத்துல சூளை ஏது?"

வயது வந்த நாளிலிருந்து சூளையிலேயே கிடந்த மனுஷன். மழைக்காலத்தில் பச்சைக் கல் காயாது, சூளை மூட்ட முடியாது, ஐப்பசி கார்த்திகையில் காளவாசல் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய விஷயமா? காளானோ மழை பெய்து இடி இடித்தால்தான் வரும். அது முளைக்கிற மாதத்தில் சூளையில் சூடு கிடையாது, சூளையில் சூடு இருக்கிற மாதத்தில் அது முளைக்காது. அத்தான் சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினார். பிறகு, "அதுக்கு ஒரு வழி இருக்கும்டா மாப்ள" என்று சொல்லிச் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் சொன்ன வழி எது என்று எனக்குப் புரிவதற்குள் அக்காவின் கொட்டகையில் ஒரு வரிசை விறகு குறைந்துவிட்டது.

கூலி கொஞ்சம் என்றாரே, அதுவும் நடக்கவில்லை. நாகமலைப் பக்கத்துக் கரட்டிலும் திருமங்கலம் போகிற வழியில் உள்ள தரிசுகளிலும் பறித்துக் கொடுக்க அத்தான் பிடித்தது நிலமில்லாத கூலிக் குடும்பத்துப் பெண்களை. மழை விழுந்தால் அவர்களுக்கு நடவு வேலை வந்துவிடும். நடவுக்குக் கிடைக்கும் கூலியை விடக் கூடுதலாகக் கொடுத்தால்தான் காளானுக்கு வருவார்கள். அப்படி வந்தாலும், விடியும் முன்னே பறித்ததைத் தலையில் வைத்துக் காளவாசல் வரை நடந்து வந்து சேர்வதற்குள் பாதி விரிந்து கறுத்துப் புழு வைத்திருக்கும். மொட்டாக இருக்கும் நல்ல காளானை அவர்கள் வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்று அத்தானுக்குச் சந்தேகம். ஒருநாள் கேட்டே விட்டார். கூடையை இறக்கி வைத்த பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஆமா சாமி, வச்சுட்டுத்தான் வாரோம். வருசத்துல நாலு நாளு வாய்க்கு ருசியா திங்கிறது இது ஒண்ணுதான். அம்புட்டையும் ஒங்களுக்குக் குடுத்துட்டு எங்க புள்ளைக வெறுங்கஞ்சி குடிக்கவா?" என்றாள். அத்தான் கூலியை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

காய வைக்கும் சங்கதி அதைவிட மோசம். விற்காமல் கிடந்த செங்கல்லை எடுத்து ஒரு கூண்டு மாதிரி அறை கட்டி, உள்ளே மூங்கில் தட்டிகளை அடுக்கடுக்காக மாட்டி, கீழே குழி வெட்டி விறகை எரித்தார். முதல் தடவை வந்ததைப் பட்லர் மோந்து பார்த்து, "என்ன அண்ணே, காளான் கேட்டா கருவாட்டுப் புகையைக் கொண்டாந்திருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புகை ஆகாது என்றால் கரி வேண்டும். சண்டைக் காலத்தில் கரி விற்ற விலைக்கு வாங்க முடியாது. எனவே விறகை எரித்துக் கரியாக்கி, அந்தக் கரியை மறுபடி எரித்துக் காளானைக் காய வைத்தார். ஒரு பங்கு போன விறகு இப்போது இரண்டு பங்காகப் போனது. கூடை கூடையாக உள்ளே போன காளான் வெளியே வரும்போது ஒரு முறத்தில் அடங்கிவிடும். அவ்வளவும் தண்ணீர். கூலி கொடுத்துத் தண்ணீரைச் சுமந்து வர வைத்து, விறகைக் கொடுத்து அந்தத் தண்ணீரை விரட்டிக்கொண்டிருந்தோம். அதோடு போயிற்றா? காய்ந்ததை வெளியே வைத்தால் மழைக்காற்றில் மறுநாளே நமத்துப்போய்த் துணி மாதிரி துவளும். மறுபடி கூண்டு, மறுபடி கரி. கடைசியில் மூடி இறுக்கமான பிஸ்கட் டின்கள் வேண்டும் என்று கண்டுபிடித்தோம். டவுனில் காலி டின்னுக்கு அப்போது இருந்த கிராக்கியில், மளிகைக்கடைக்காரர்கள் பிஸ்கட்டை விட டின்னைத்தான் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அக்கம்பக்கத்தில் கொஞ்சம் விற்றாலாவது விறகுச் செலவு வருமே என்று நான்தான் சொன்னேன். அத்தான் சைக்கிளில் டின்னைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். மாசி வீதிப் பக்கம் சைவக் குடும்பங்களின் வாசலில் நின்று, "இது மண்ணுல முளைக்கிறதுங்க, கத்தரிக்கா மாதிரி சுத்தக் காய்கறி" என்று சொன்னார். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, கவிச்சி வாடை அடிக்கிறது என்று கதவைச் சாத்தினார்கள். அங்கிருந்து கறி சாப்பிடுகிற வீடுகளுக்குப் போய், "கறி தோத்துப்போகும்ங்க, அப்படியே வெள்ளாட்டு ஈரல்" என்றார். அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கார்த்திகை மாதத்தில் வாசலில் நின்று கறிப் பேச்சுப் பேசலாமா என்று விரட்டினார்கள். ஒரே டின். ஒரு தெருவில் காய்கறி, அடுத்த தெருவில் கறி. இரண்டு தெருவிலும் வாங்க ஆள் இல்லை. இதில் உச்சம் என்னவென்றால் அத்தானும் அந்த மாதம் விரதம். சூளை கை விட்டுப் போகக் கூடாது என்று திருப்பரங்குன்றத்து முருகனுக்கு வேண்டிக்கொண்டு, ஒரு வேளைச் சாப்பாடும் வெறுந்தரைப் படுக்கையுமாக இருந்தார். விரதம் இல்லாத நாளிலும் அவர் காளானை வாயில் வைத்தது கிடையாது. பார்த்தாலே வழவழவென்று இருக்கிறதாம். அக்காவும் விரதம் இருந்ததால் காய வைக்கிற வேலை எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆனால் கொட்டகைக்குப் போவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

கார்த்திகை பாதி போனபோது கொட்டகையில் மூலையில் அடுக்கியிருந்த கொஞ்ச விறகுதான் மிச்சம். ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டு அந்த வெற்றிடத்தைக் காட்டினாள். "தம்பி, இத வச்சு ஒரு சூளை வேகுமா?" என்று கேட்டாள். வேகாது என்று இருவருக்கும் தெரியும். டின்களில் இருந்த காளான் விற்றால்தான் விறகு. விறகு வந்தால்தான் தையில் சூளை. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அத்தானோடு டின்களைக் குதிரை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு கிளப்புக்குப் போனேன். அவரைத் தனியாக அனுப்பினால் வழியில் இன்னொரு யோசனை வந்துவிடும் என்கிற பயம்தான் காரணம்.

பட்லர் நல்ல மனுஷர். டின்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் கை விட்டுக் கிளறி, மோந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். இந்தத் தடவை புகை இல்லை. சொன்ன விலையிலும் பேரம் பேசவில்லை. நல்ல காளான் நடுவே ஒரே ஒரு விஷக் காளான் இருந்தாலும் வேலை போய்விடும், குடித்தவர்களின் உயிரும் போய்விடும் என்பதால் அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் காளான் கொண்டுவந்தாலும் அதிலிருந்து அவரே ஒரு பிடி எடுத்துச் சூப்பு வைப்பார். விற்கிறவர் அதை அவர் கண் முன்னால் குடிக்க வேண்டும். மறுநாள் அந்த ஆள் தன் காலில் நடந்து வந்தால் சரக்கை எடுத்துக்கொண்டு பணம் கொடுப்பார். இதில் என்ன தப்பு இருக்கிறது? எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சூப்பு கொதித்து, பீங்கான் கோப்பையில் ஊற்றி, அத்தான் கையில் கொடுத்தார். அத்தான் கோப்பையைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மன்னிச்சுக்கங்க. நான் விரதம். கவிச்சி தொட மாட்டேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மாசி வீதி முழுக்கச் சுத்தக் காய்கறி என்று கூவி வந்த வாய் அது. "அத்தான், இது காய்கறின்னு நீங்கதான சொன்னீங்க" என்றேன். "அது விக்கிறதுக்குச் சொன்னது மாப்ள. சாமிகிட்ட அப்படிச் சொல்ல முடியுமா?" என்றார். நான் குடிக்கிறேன் என்று கையை நீட்டினேன். பட்லர் தடுத்துவிட்டார். விற்கிறவர் குடிக்கப் பயப்படுகிற சரக்கை நான் எப்படி நம்புவது, கூட வந்த நீங்கள் ஏன் வீணாகச் சாக வேண்டும் என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த மரியாதை போய்ச் சந்தேகம் வந்துவிட்டது. டின்களின் மூடிகளை ஒவ்வொன்றாக அவரே மூடித் திருப்பி வைத்தார். அத்தான் யாருக்காக விரதம் இருந்தார்? சூளைக்காக. எதனால் சூளை போகப் போகிறது? அந்த ஒரு கோப்பையைக் குடிக்காததால். இதை நான் ஜட்காவில் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், கடைசியில் கெஞ்சியும் பார்த்தேன். "நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. குதிரைக்காரர் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. மறுநாள் அத்தான் கிரிவலத்துக்குத் திருப்பரங்குன்றம் கிளம்பிப் போன பிறகு, தலை முடிந்து, நல்ல சேலை ஒன்று கட்டிக்கொண்டு மில் வாசலுக்கே வந்து நின்றாள். "ஜட்கா கூப்பிடு தம்பி. டின்னெல்லாம் திண்ணையிலதான் இருக்கு" என்றாள். அவள் அதற்கு முன்னால் துரைமார் கட்டடம் எதிலும் கால் வைத்ததில்லை. சமையல்கட்டின் பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு, பட்லரிடம் நேராகப் பேசினாள். "விக்கிறவுக குடிக்கணும்னு சொன்னீகளாம். அந்தக் காளான் காஞ்சது நான் சேத்து வச்ச வெறகுல. அப்ப நானுந்தான் விக்கிறேன். ஊத்திக் குடுங்க." பட்லர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மறுபடி அடுப்பு மூட்டி, சூப்பு வைத்து, கோப்பையைக் கொடுத்தார். அக்கா திருப்பரங்குன்றம் இருக்கும் தென்மேற்குத் திசையைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். "முருகா, ஒனக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கஷாயம் குடிக்கிற மாதிரி ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். மறுநாள் காலை அதே படியில் தன் காலில் நடந்து போய் நின்றாள். பட்லர் எல்லா டின்னையும் எடுத்துக்கொண்டு பணத்தை அவள் கையில் கொடுத்தார். உடைந்ததும் தூளுமாக இருந்ததை மட்டும் வேண்டாம் என்று ஒரு பொட்டலமாகக் கட்டித் திருப்பிக் கொடுத்தார்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போது எனக்குப் பேனா அழுத்தமாகத்தான் விழுகிறது. விஷயம் தெரிந்ததும் அத்தான் திட்டவில்லை, சத்தம் போடவில்லை. விரதத்தில் கவிச்சி தொட்ட கையால் சமைத்ததைக் கார்த்திகை முடியும் வரை சாப்பிட மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, தெருமுனைச் சாப்பாட்டுக்கடைக்குச் சாப்பிடப் போனார். போகிறவர் வாசலில் நின்று திரும்பி, "அந்தக் காசுல நாளைக்கே வெறகுக்குச் சொல்லிப்புடுறேன்" என்றார். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அவள் குரல் உயர்ந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. "என் கை ஒங்களுக்கு ஆகாது. அந்தக் கை வாங்கின காசு மட்டும் ஆகுமோ? வெறகு எப்படி வாங்கணும்னு எனக்குத் தெரியும்." சொன்னபடி அவளே வண்டிக்காரர்களை வரச் சொல்லி, கட்டையைத் தட்டிப் பார்த்து, ஈர விறகைத் திருப்பி அனுப்பி, கொட்டகையை நிரப்பினாள். நிலத்துக்காரர் ஒருநாள் அந்த வழியாக வந்தவர் அடுக்கியிருந்த விறகைப் பார்த்துவிட்டு, சரி, தையில் மூட்டிவிடுங்கள் என்று அக்காவிடம்தான் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சூளையில் கொடுக்கல் வாங்கல் எல்லாம் அக்கா கைக்கு வந்துவிட்டது.

இப்போது காளான் ஒரு பெரிய விஷயமே இல்லை. வைக்கோலில் வளர்க்கிறார்கள், இடிக்கும் மழைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, பிளாஸ்டிக் டப்பாவில் குளிர வைத்து விற்கிறார்கள். என் மருமகள் கார்த்திகை மாதத்திலேயே காளான் பிரியாணி செய்கிறாள், கேட்டால் காய்கறிதானே மாமா என்கிறாள். அத்தான் உயிரோடு இருந்து அந்த வார்த்தையைக் கேட்டிருந்தால், நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவள் பக்கம் சேர்ந்துகொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தத் தொழிலில் யார்தான் என்ன சம்பாதிக்கிறார்களோ, நான் அறியேன். அவர் நடத்திய ஒரு பருவத்தில் வந்த பணம் எரித்த விறகைத் திரும்ப வாங்குவதற்குச் சரியாகப் போயிற்று. இடையில் அக்காவின் விரதம் போனது மட்டும்தான் மிச்சம். அந்த நஷ்டத்தை அத்தான் கடைசி வரை ஒரு நஷ்டமாக நினைத்ததே இல்லை.

கார்த்திகை முடிந்த மறுநாள் நான் அங்கே போயிருந்தேன். அத்தான் குளித்துவிட்டு வந்து, எதுவும் நடக்காதது போல இலை முன்னால் உட்கார்ந்தார். அக்காவும் சோற்றைப் போட்டு, ஒரு குழம்பை ஊற்றினாள். பட்லர் திருப்பிக் கொடுத்த உடைசலையும் தூளையும் ஊறவைத்து, சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்துப் போட்டு வைத்த குழம்பு. அது என்ன என்று அவர் கேட்கவில்லை. அத்தனை நாள் கடைச் சாப்பாடு சாப்பிட்ட நாக்கு, அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டபோதுதான் அக்கா சொன்னாள்: "காளானுங்க. ஒங்க சரக்குதான்."

அத்தானின் கை இலையிலேயே நின்றது. துப்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு என்னைப் பார்த்து, உண்மையிலேயே ஏமாந்துபோன ஆள் மாதிரி, "இம்புட்டு ருசியாவா இருக்கும்? மாப்ள, இதைப் போயா அந்த ஆளுக்கு அம்புட்டையும் வித்தோம்?" என்றார். அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு அவருக்கு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். அவளால் அதற்குச் சிரிக்க முடிந்தது. எனக்கு இன்று வரை சிரிப்பு வரவில்லை.